திதியை யார் நினைவில் வைப்பது?

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, பாலாற்றங்கரையில் அமைந்த திருத்தலம் விரிஞ்சிபுரம். மரகதாம்பிகை உடனுறை மார்க்கபந்தீசுவரர் எழுந்தருளியிருக்கும் அத்திருக்கோயிலைத் தரிசித்த அன்பர்கள், அங்கே அரைவட்டமாகச் செதுக்கப்பெற்ற ஒரு கல்லைக் கண்டிருப்பார்கள். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைக்குமான எண்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், அதன் நிழல் எந்த எண்ணின்மேல் விழுகிறதோ அதுவே அப்போதைய நேரம். கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் பூசைக்குரிய வேளையை ஊரார் அனைவரும் ஒன்றாக அறிந்துகொள்ள அக்கல் துணை நின்றது.

பொழுதைச் சொல்லக் கல் இருந்தது. வீட்டின் நாள்களைச் சொல்ல யார் இருந்தார்கள்? கொள்ளுப்பாட்டனாரின் திதி எது, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டிய வெள்ளி எது, மூத்த பேரனுக்கு மொட்டையடிப்பதாக வேண்டிக்கொண்டது எந்தக் கோயிலில், சம்பந்தி வீட்டுக்கு ஆடிச்சீர் அனுப்பும் நாள் எது, கறவை மாட்டுக்காரருக்கு எத்தனை நாள் பால் பாக்கி! இவை யாவும் ஒரே ஒருவர் நெஞ்சில் இருந்தன. பெரும்பாலும் அவர் வீட்டின் மூத்த பெண்மணியாகவே இருந்தார். அவருக்கு ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. அடுப்படியில் நின்றபடியே, 'நாளை மறுநாள் கிருத்திகை, வெங்காயம் வாங்காதே' என்று அவர் சொல்லிவிட்டால் குடும்பமே அதன்படி நடந்தது.

அந்த மூதாட்டியின் பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியுமா என்று எண்ணியவர்கள் நம் காலத்து மென்பொருள் வல்லுநர்கள். அவர்களுள் நம் தமிழர் ஒருவரும் உண்டு. சென்னை இராயபுரத்துக்காரரான முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளராகப் பணியாற்றியபோது, 1997-ஆம் ஆண்டில், தமிழ் மக்களுக்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். தமிழ் நாள்காட்டி, பண்டிகை நினைவூட்டல் ஆகியவற்றோடு மணமகன், மணமகள் விவரங்களுக்கும் அதில் இடமளித்தார். கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் வரன் தேடும் பகுதியையே மிகுதியும் நாடினர். அதிலிருந்து 2000-ஆம் ஆண்டளவில் பாரத் மேட்ரிமோனி பிறந்தது. அவருக்கு இல்லத்தரசி அமைந்ததும் அத்தளத்தின் வழியாகவே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த அந்நிறுவனம் 2017-இல் பங்குச்சந்தைக்கும் வந்தது. நாள்காட்டியில் தொடங்கிய பணி திருமணத்தில் போய் நின்றது பொருத்தமே. திருமணம் என்பது ஒரு நாள். அதன் பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு நாள் பார்க்கும் வேலை அன்றைக்குத்தானே தொடங்குகிறது!

அந்த ஐம்பது ஆண்டு வேலைக்கென்றே ஒரு சேவையை அமெரிக்கச் சியாட்டில் நகரில் இருவர் தொடங்கினர். ராபி கேப், ஜான் மிக்சோவ்ஸ்கி என்னும் அவர்கள் இருவரும் முன்னர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். 2005-ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவிய அச்சேவைக்குக் 'கோசி' என்று பெயர். அலுவலகங்களுக்கு எத்தனையோ கணிப்பொறி நாள்காட்டிகள் இருக்க, இல்லத்துக்கென்று ஒன்றும் சரிவர இல்லையே என்பதே அவர்கள் கண்ட குறை. அந்நாட்டு வீடுகளிலும் சமையலறைச் சுவரிலோ குளிர்பதனப் பெட்டியின் கதவிலோ ஒரு காகித நாள்காட்டி தொங்கும். அதில் எழுதுபவள் தாய்; படித்து நினைவூட்டுபவளும் அவளே. மற்றவர்கள் அவளைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நம் வீட்டு அடுப்படிக்கும் அந்த வீட்டுச் சமையலறைக்கும் இதில் வேற்றுமை இல்லை.

அச்சேவையின் அமைப்பு எளியது. குடும்பம் முழுமைக்கும் ஒரே கணக்கு. அப்பாவுக்கு ஒரு நிறம், அம்மாவுக்கு ஒரு நிறம், பிள்ளைகளுக்கு வேறு வேறு நிறம். யார் எதை எழுதினாலும் எல்லோருடைய கைப்பேசியிலும் அது தெரியும். கடைச்சரக்குப் பட்டியலும் அதிலேயே உண்டு. ஒருவர் வாங்கிவிட்டு அடித்துவிட்டால், மற்றவர் மறுபடியும் வாங்கமாட்டார். வாரத்துக்கு ஒருமுறை, வரவிருக்கும் நாள்களின் நிகழ்ச்சிகளைத் தொகுத்து மின்னஞ்சலிலும் அனுப்பும். இன்று கூகுள் நிறுவனமும் இத்தகைய வசதியை அளிக்கிறது. ஒரு குடும்பக் குழுவில் ஆறு பேர் வரை சேரலாம். சேர்ந்தவுடன் அவர்களுக்கெனப் பொதுவான ஒரு நாள்காட்டி தானே அமைந்துவிடும்.

'இதெல்லாம் சீமை வீட்டுச் சங்கதி, நமக்கு எதற்கு?' என்று கேட்கும் பெரியவர்கள் ஆம்பூர்ப் பக்கம் விடியற்காலையில் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நீளும் தோல்தொழில் வட்டாரத்தில், காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பேருந்துகளில் ஏறிச் செல்வோரில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது புலருமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி, சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு பேருந்தைப் பிடிக்கிறாள் மருமகள். மாலையில்தான் வீடு திரும்புகிறாள். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தபின் நினைத்தபோதெல்லாம் கைப்பேசியை எடுத்துப் பார்க்க அவளால் இயலாது. மகனோ பெங்களூரிலோ சென்னையிலோ கணினி வேலையில் இருப்பான். வேலூரில் 1984-இல் ஒரு பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் நிறுவனம் முதலாக, இவ்வட்டாரத்துக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகள் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறார்கள்.

இத்தகைய வீட்டில் மாமியார், 'நாளைக்கு உங்கள் மாமனாருக்குத் திதி' என்று முந்தைய நாள் இரவு சொன்னால் என்ன ஆகும்? தொழிற்சாலையில் விடுப்பு முன்கூட்டியே கேட்டாக வேண்டும். மகனுக்குப் பயணச்சீட்டு கிடைக்காது. புரோகிதர் வேறு இல்லத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பார். இறுதியில் குறை யார் தலையில் விழுகிறது? 'உனக்கு நினைவில்லையா?' என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்பவள் அந்த மருமகளே. ஒருவர் மட்டுமே சுமந்த நினைவுச் சுமையைக் குடும்பம் பகிர்ந்து கொள்ளவேண்டும் என்று அந்த மென்பொருள்காரர்கள் எண்ணினார்கள் அல்லவா, அந்த எண்ணத்தில் அறம் இருக்கிறது. பகிர்வது எந்தக் கருவியால் என்பது இரண்டாம் கேள்வி.

ஆயினும் அக்கருவிக்குத் தெரியாத ஒன்று உண்டு; அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை. நம் வட்டாரத்து விழாக்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். சூரியன் ரிஷப ராசியில் புகுவதைக் கொண்டு அந்நாள் அமைகிறது. ஆங்கிலக் கணக்கில் அது ஓராண்டு மே 14, மற்றோராண்டு மே 15. விரிஞ்சிபுரத்தில் மகப்பேறு வேண்டும் மாதர் நீராடும் விழாவோ கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு. அதற்குத் தேதி இல்லை, கிழமையே கணக்கு. அண்ணாமலையார் கிரிவலம் பௌர்ணமியன்று. அதற்கு மாதமும் இல்லை, கிழமையும் இல்லை, நிலவே கணக்கு. ஆம்பூரில் நம்மோடு பணிபுரியும் இசுலாமிய அன்பர்களின் ரம்ஜான் பண்டிகையும் பிறை கண்ட பின்னரே உறுதியாகிறது. கைப்பேசியில் ஒரு நிகழ்ச்சியை எழுதி, 'ஆண்டுதோறும் மீண்டும் வருக' என்று கட்டளையிட்டால் அது அதே ஆங்கிலத் தேதியில்தான் வந்து நிற்கும். அதற்குத் தெரிந்த ஆண்டு அது ஒன்றே.

திதியில் இந்த இடர் இன்னும் பெரிது. சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகிச் செல்லும் காலமே ஒரு திதி. அது சில வேளைகளில் 19 மணி நேரத்தில் முடிந்துவிடும்; சில வேளைகளில் 26 மணி நேரத்துக்கு மேலும் நீளும். முப்பது திதிகள் கூடிய சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அத்தகைய பன்னிரண்டு மாதங்களுக்கு 354 நாள்களே ஆகின்றன. சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. நாமோ திதியைச் சந்திரனைக் கொண்டும் மாதத்தைச் சூரியனைக் கொண்டும் வகுத்து, 'ஆவணி மாதம், தேய்பிறைப் பஞ்சமி' என்று சொல்கிறோம். அது ஓராண்டு பதினொரு நாள் முன்னதாக வரும். ஆவணிக்கு வெளியே போய்விடும் நிலை வந்தால் பத்தொன்பது நாள் வரை பின்தள்ளி வரும். ஆகஸ்டு நடுவிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை எந்த நாளிலும் அது விழலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பகற்பொழுதை ஐந்து கூறாக்கினால் நான்காவது கூறு அபராஹ்ணம். ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அத்தமனம் என்று கொண்டால், அது பிற்பகல் 1.12 முதல் 3.36 வரை. சிராத்தத்துக்கு அவ்வேளையில் நிற்கும் திதியையே பெரியோர் கொள்வர். காலையில் ஒரு திதி, பிற்பகலில் வேறு திதி என்று அமையும் நாள்கள் பல. நாள்காட்டித் தாளின் தலைப்பில் கண்ட திதியை மட்டும் பார்த்து நாளைக் குறித்தால் பிழை நேரும். இவற்றோடு வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இடையே சில மணி நேர வேற்றுமையும் ஏற்படுவதுண்டு. ஒரே மாதத்தில் ஒரு திதி இருமுறை வருவதும், வராமலே போவதும் உண்டு. அப்போது என்ன செய்வது என்பதை அவரவர் இல்லத்துப் புரோகிதரைக் கேட்டே முடிவு செய்கிறோம்.

'தாத்தா, கொள்ளுத்தாத்தாவுக்கு எந்தத் தேதி?' என்று பேரன் கேட்கிறான். 'தேதி இல்லையப்பா, திதி' என்கிறார் பாட்டனார். அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இவ்வளவு கணக்கும் சேர்ந்து அடைத்துக் கொண்டிருக்கிறது. பேரனுக்குக் கருவி தெரியும், திதி தெரியாது. பாட்டனாருக்குத் திதி தெரியும், கருவி தெரியாது. இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்தால் அன்றி அந்த வீட்டுக் கணக்கு நேராகாது. அந்தத் திண்ணையில் என்ன செய்யலாம்?

பங்குனி முடியுமுன் புதுப் பஞ்சாங்கம் கடைக்கு வந்துவிடும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, மறைந்த முன்னோர் ஒவ்வொருவருக்கும் அவ்வாண்டில் திதி வரும் நாளைக் கண்டு, பிள்ளைகளின் பொதுநாள்காட்டியில் எழுதச் சொல்லுங்கள். 'ஆண்டுதோறும்' என்ற கட்டளையை மட்டும் இடாதிருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே எழுத வேண்டும். நாளோடு சேர்த்து மூதாதையர் பெயர், உறவு முறை, கோத்திரம் உண்டாயின் அதுவும், தமிழ் மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, திதி, நீங்கள் பின்பற்றும் பஞ்சாங்கம் எது என்பவற்றையும் எழுதச் செய்யுங்கள். நினைவூட்டும் மணி இருமுறை அடிக்கட்டும்: பத்து நாள் முன்பாக ஒன்று, விடுப்புக்கும் பயணத்துக்கும், முந்தைய நாள் ஒன்று, வாழையிலைக்கும் காய்கறிக்கும். சென்மநட்சத்திரங்களையும் இவ்வாறே எழுதலாம். அவையும் ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

குலதெய்வத்தைப் பற்றிய குறிப்பு இதைவிடவும் இன்றியமையாதது. தெய்வத்தின் பெயர், ஊர், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும், யார் பூசாரி, எந்த மாதத்தில் எந்தக் கிழமையில் பொங்கலிடுவது, படையலில் சேர்க்கக் கூடாதது என்ன, நிறைவேறாமல் நிற்கும் வேண்டுதல் எது என எல்லாவற்றையும் சொல்லுங்கள். வெளிநாட்டில் பிறந்த பேத்தி நாளை தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, 'எங்கள் குலதெய்வம் எங்கே?' என்று கேட்கும் நாள் வரும். அன்று விடை சொல்ல ஒருவர் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி?

எழுதச் சொல்லும்போதே வேலையையும் பங்கிட்டு எழுதச் சொல்லுங்கள். தர்ப்பைக்கும் எள்ளுக்கும் பேரன் பெயரில் ஒரு நிறம். புரோகிதரிடம் பேசுவதற்கு மகன் பெயரில் ஒரு நிறம். மருமகளின் நிறமே நாள்காட்டி முழுவதும் நிறைந்திருக்குமானால், கருவி வந்தும் வீடு மாறவில்லை என்று அறியலாம்.

எச்சரிக்கையாகவும் ஒரு சொல். இணையச் சேவைகள் பிறர் வீட்டுத் திண்ணை போன்றவை. உட்காரலாம், நமது என்று உரிமை கொண்டாட இயலாது. மேலே சொன்ன கோசி நிறுவனத்தை 2014-இல் டைம் என்னும் பெரும் பத்திரிகை நிறுவனம் வாங்கியது; அதன் பின்னரும் அது கைமாறியது. 2024-ஆம் ஆண்டில், கட்டணமின்றிப் பயன்படுத்துவோர் அடுத்த முப்பது நாள்களுக்கு அப்பால் உள்ள நிகழ்ச்சிகளைக் காண இயலாதவாறு வரம்பும் இடப்பட்டது. பத்து மாதம் கழித்து வரும் திதியை எழுதி வைத்தவர் அதைப் பார்க்கப் பணம் செலுத்த வேண்டும் என்றாயிற்று. நிறுவனம் நடத்துவோருக்கு அவர்கள் கணக்கு. ஆதலின் மூலப்படி நம்மிடமே இருக்கட்டும். நல்ல தாளில் கட்டிய நோட்டுப் புத்தகம் ஒன்றில், மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழியிட்டு, இவை அனைத்தையும் உங்கள் கையெழுத்திலேயே எழுதிப் பூசையறையில் வையுங்கள். கைப்பேசியில் இருப்பது அதன் படி மட்டுமே.

நினைவு கைமாறிக் கைமாறிக் காக்கப்பட்டால் எத்தனை நூற்றாண்டையும் கடக்கும் என்பதற்கு வேலூர்க் கோட்டையே சான்று. அங்குள்ள ஜலகண்டேசுவரர் ஆலயம் மூலவர் இன்றி, வழிபாடு இன்றி, ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் வெறுமையாகக் கிடந்ததாகச் சொல்வர். கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்க வந்தவர் உண்டு. விளக்கேற்ற வந்தவர் இல்லை. ஆயினும் 'இங்கே ஈசன் இருந்தான்' என்பதை வேலூர் மக்கள் மறக்கவில்லை. பாட்டனார் பேரனுக்குச் சொன்னார், பேரன் தன் பேரனுக்குச் சொன்னான். 1981-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சத்துவாச்சாரியிலிருந்து சிவலிங்கம் கொண்டுவரப்பெற்று அங்கே மீண்டும் எழுந்தருளிற்று. ஒரு தலைமுறை சொல்ல மறந்திருந்தால் அந்நாள் வந்திருக்குமா?

விரிஞ்சிபுரத் தலபுராணத்தில் ஒரு வரலாறு உண்டு. பிரமன் சிவசருமன் என்னும் பாலகனாகப் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தான். பூசை உரிமையை உறவினர் பறிக்க எண்ணினர். சிறுவனுக்கு முறையும் தெரியாது, தெரிவிக்கத் தந்தையும் இல்லை. தாய் இறைவனிடம் முறையிட, கார்த்திகைக் கடைசி ஞாயிறன்று பாலகனுக்கு இறைவனே அருள்புரிந்தான். அபிடேகம் செய்யச் சென்ற சிறுவனுக்கு இலிங்கத்தின் முடி எட்டவில்லை. எம்பெருமான் தன் திருமுடியைச் சாய்த்துக் கொடுத்தான். இன்றும் அங்கே சாய்ந்த கோலத்திலேயே காட்சி தருகிறான்.

பெரியோர்களே, குழந்தைக்கு எட்டவில்லை என்றால் பெரியவர் குனிவதே முறை என்பதை ஈசனே காட்டிவிட்டான். பிள்ளைகளுக்கு நம் முறைகள் எட்டவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கும் அந்தச் சிறு பெட்டியின் உயரத்துக்கு நாம் சற்றே குனிவோம். வரும் அமாவாசையன்று தர்ப்பணம் முடிந்து, அனைவரும் உணவருந்திய பின், மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு பேரனையோ பேத்தியையோ அருகில் அழையுங்கள். முதலில் உங்கள் தந்தையாரின் பெயரைச் சொல்லுங்கள். பிறகு மாதம், பிறகு பட்சம், பிறகு திதி. குழந்தை எழுதிக்கொள்ளட்டும்.